திருகோணமலையில் இருந்து வெளிநாட்டு விமான நிலையம்: தூரமும் பயண நேரமும் கணக்கிடும் முழு வழிகாட்டி

இணையத்தில் திருகோணமலைக்கும் சென்னைக்கும் இடையிலான விமானத் தூரத்தைத் தேடினால் 507 கிலோமீற்றர், பறக்கும் நேரம் ஒரு மணி சொச்சம் என்று பதில் வரும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பாதைக்கு டிக்கட் விற்பார் யாரும் இல்லை. அந்த 507 சீனக்குடா ஓடுபாதையில் இருந்து அளந்த தூரம். சீனக்குடா விமானப்படைத் தளம். உள்நாட்டுச் சிறு விமானங்கள் வந்துபோவதுண்டு, வெளிநாட்டுக்கு வழமையான சேவை கிடையாது. திருகோணமலைக்காரர் சென்னைக்குப் போவதென்றால் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கவுக்கோ யாழ்ப்பாணத்துப் பலாலிக்கோ போய்த்தான் ஏற வேண்டும். வீட்டு வாசலில் இருந்து கணக்குப் பார்த்தால் ஒரு மணி சொச்சம் பத்துப் பதினொரு மணித்தியாலம் ஆகிவிடும்.

ஆகவே இரண்டு கணக்குகளைப் பிரித்துப் போட வேண்டும். ஒன்று நிலையத்துக்கு நிலையம், மற்றது வாசலுக்கு வாசல். முதலாவது தெரியாமல் இரண்டாவது வராது.

படி 1: எந்த நிலையம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுவதில்தான் பாதிப் பிழை வருகிறது. கொழும்புக்கு இரண்டு நிலையங்கள் உண்டு: கட்டுநாயக்க (குறியீடு சிஎம்பி), இரத்மலானை (ஆர்எம்எல்). இரண்டுக்கும் நடுவில் வடக்கு தெற்காக ஏறத்தாழ 40 கிலோமீற்றர். டுபாயிலும் இரண்டு: டிஎக்ஸ்பி, டிடபிள்யூசி. பாங்கொக், கோலாலம்பூர், இஸ்தான்புல் எல்லாம் இதே கதைதான். லண்டன் என்றால் ஹீத்ரோவா, கற்விக்கா என்பதைப் பார்க்காமல் தூரம் எடுக்கவே கூடாது. டிக்கட்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீடுதான் ஆதாரம். அதை வைத்தே தேடுங்கள்.

திருகோணமலைக்காரருக்குப் பயன்படும் உள்ளூர்க் குறியீடுகள் மூன்று: சீனக்குடா டிஆர்ஆர், கட்டுநாயக்க சிஎம்பி, பலாலி ஜேஏஎஃப். இவற்றில் முதலாவது தேடலில் வந்து நின்றால் அந்த விடையை ஒதுக்கிவிடலாம்.

படி 2: அகலாங்கும் நெட்டாங்கும்

ஒவ்வொரு நிலையத்துக்கும் அளவீட்டுப் புள்ளி என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் ஓடுபாதைகளின் நடுவை ஒட்டி இருக்கும். அதன் அகலாங்கு, நெட்டாங்கைத் தசமப் பாகையில் எழுதிக்கொள்ளுங்கள்:

கட்டுநாயக்க: வடக்கு 7.181, கிழக்கு 79.884
பலாலி: வடக்கு 9.792, கிழக்கு 80.070
சென்னை: வடக்கு 12.990, கிழக்கு 80.169
திருச்சி: வடக்கு 10.765, கிழக்கு 78.710
டோஹா: வடக்கு 25.273, கிழக்கு 51.608
டுபாய் (டிஎக்ஸ்பி): வடக்கு 25.253, கிழக்கு 55.364
லண்டன் ஹீத்ரோ: வடக்கு 51.478, மேற்கு 0.461
ரொறன்ரோ பியர்சன்: வடக்கு 43.677, மேற்கு 79.631

இந்த இடத்தில் வழுக்கும் கால்கள் பல. சில அட்டவணைகளில் பாகை, கலை, விகலை என்று இருக்கும். கட்டுநாயக்கவின் அகலாங்கு 7 பாகை 10 கலை 52 விகலை. அதை அப்படியே 7.1052 என்று போட்டால் நிலையம் எட்டுக் கிலோமீற்றருக்கு மேல் தெற்கே நகர்ந்துவிடும். கலையை 60ஆலும் விகலையை 3600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்ட வேண்டும்: 7 + 0.1667 + 0.0144 = 7.181.

இதைவிடப் பெரிய பிழை மேற்கு நெட்டாங்குக்குக் கழித்தல் அடையாளம் போட மறப்பது. ரொறன்ரோவும் கட்டுநாயக்கவும் அதற்கு அருமையான சோடி. ஒன்று மேற்கு 79.631, மற்றது கிழக்கு 79.884. அடையாளம் இல்லாமல் கழித்தால் வித்தியாசம் கால் பாகை. கணக்கு 4,058 கிலோமீற்றர் என்று விடை சொல்லும், கனடா ஏதோ டுபாய்க்கு அடுத்த தரிப்பிடம் போல. உண்மையில் 79.884ஐயும் 79.631ஐயும் கூட்ட வேண்டும்: 159.515 பாகை.

படி 3: தூரத்தைக் கணக்கிடுதல்

பூமியின் சராசரி ஆரை 6,371 கிலோமீற்றர். அந்த ஆரையில் ஒரு பாகை அகலாங்கு 111.19 கிலோமீற்றர், அதாவது 60 கடல் மைல். கடல் மைல் ஒன்று 1.852 கிலோமீற்றர், தரை மைல் 1.609. விமானிகள் பேசுவது கடல் மைலில். ஆங்கிலத் தளங்கள் வெறுமனே மைல் என்று போட்டால் பெரும்பாலும் தரை மைல். இரண்டையும் கலந்தால் கணக்கு ஏழில் ஒரு பங்கு பிசகும்.

பக்கத்து நாடுகளுக்குக் கல்குலேற்றரே போதும். கட்டுநாயக்கவில் இருந்து சென்னையைப் போட்டுப் பார்ப்போம். அகலாங்கு வித்தியாசம் 12.990 − 7.181 = 5.809. நெட்டாங்கு வித்தியாசம் 80.169 − 79.884 = 0.285. நெட்டாங்குக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்குவதால், இரண்டாவதை நடு அகலாங்கின் கோசைனால் (கல்குலேற்றரில் cos) பெருக்க வேண்டும். நடு அகலாங்கு ஏறத்தாழ 10 பாகை, அதன் கோசைன் 0.985. ஆகவே 0.281. இனிப் பைதகரஸ்: 5.809 இன் வர்க்கமும் 0.281 இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5.816. அதை 111.19ஆல் பெருக்கினால் 647 கிலோமீற்றர். கடல் மைலில் 349, தரை மைலில் 402.

இதே முறையில் பலாலி – சென்னை 356, கட்டுநாயக்க – திருச்சி 419, பலாலி – திருச்சி 184 கிலோமீற்றர். கடைசி எண்ணைக் கவனியுங்கள். திருகோணமலையில் இருந்து குருநாகல் தெருத் தூரத்தைவிட ஒரு இருபது கிலோமீற்றர்தான் கூட.

இந்தத் தட்டை முறை எவ்வளவு தூரம் தாங்கும்? டோஹா வரை தாங்கும். தட்டையாகப் போட்டால் 3,628, சரியான விடை 3,612. பதினாறு கிலோமீற்றர் வித்தியாசத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ரொறன்ரோவுக்கு அதே முறையைப் போட்டால் 16,500 கிலோமீற்றர் வரும். சரியான விடை 14,000. இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர் எங்கிருந்து முளைத்தது? தட்டை வரைபடத்தில் நேர்கோடு ஆபிரிக்காவையும் அத்திலாந்திக்கையும் குறுக்கே வெட்டி மேற்கே ஓடுகிறது. உருண்டையில் குறுகிய வழி வடக்கால் போகிறது. கட்டுநாயக்கவில் இருந்து ரொறன்ரோவுக்கு ஒரு நூலைப் பூகோள உருண்டையில் இறுக்கிப் பிடித்தால், அது வடக்கில் இருந்து 18 பாகை மட்டும் மேற்கே சரிந்து கிளம்பி, ஐஸ்லாந்துக்கும் வடக்கே 72ஆம் பாகை வரை ஏறி, பிறகு இறங்கும். இதைத்தான் பெருவட்டத் தூரம் என்கிறார்கள்.

நீண்ட தூரத்துக்கான சூத்திரம் இது. முதல் நிலைய அகலாங்கின் சைனையும் இரண்டாம் நிலைய அகலாங்கின் சைனையும் பெருக்குங்கள். தனியாக, இரண்டு அகலாங்குகளின் கோசைன்களையும் நெட்டாங்கு வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டி, அதற்கு நேர்மாறு கோசைன் (கல்குலேற்றரில் cos⁻¹) எடுத்தால் பாகையில் ஒரு கோணம் வரும். அதை 111.19ஆல் பெருக்கினால் கிலோமீற்றர்.

டோஹாவுக்கு: 0.1250 × 0.4269 = 0.0534. அடுத்து 0.9922 × 0.9043 × 0.8807 = 0.7901. கூட்டினால் 0.8435. நேர்மாறு கோசைன் 32.49 பாகை. பெருக்கினால் 3,612.

கல்குலேற்றர் பாகை நிலையில் இருக்கிறதா என்று தொடங்க முன்னரே பாருங்கள். ஆரையன் (ரேடியன்) நிலையில் இருந்தால் விடை எங்கேயோ போகும். கணினி விரிதாளில் போடுபவர்களுக்கு விடயம் தலைகீழ்: அது ஆரையனை மட்டும்தான் ஏற்கும், பாகையை முதலில் மாற்றிக் கொடுக்க வேண்டும், வரும் கோணத்தை 6,371ஆல் பெருக்கினால் போதும்.

சரிபார்க்க, கட்டுநாயக்கவில் இருந்து: டுபாய் 3,288, லண்டன் ஹீத்ரோ 8,715, ரொறன்ரோ ஏறத்தாழ 14,000. பூமி முழு உருண்டை இல்லை (நடுக்கோட்டு ஆரை 6,378, துருவ ஆரை 6,357 கிலோமீற்றர்). அதனால் சில தளங்கள் இவற்றில் இருந்து சில கிலோமீற்றர் விலகிச் சொல்லும். அதற்காகக் கணக்கைத் திரும்பப் போட வேண்டாம்.

படி 4: தூரத்தை நேரமாக்குதல்

தூரத்தை விமான வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. அப்படிப் போட்டால் குறைவாகத்தான் வரும். ஜெட் விமானம் மணிக்கு 830 முதல் 870 கிலோமீற்றரில் பறப்பது மேலே போய்ச் சேர்ந்த பிறகு. அதற்கு முன் தரையில் ஊர்ந்து, ஓடி, ஏறி வர வேண்டும். முடிவில் இறங்கி, வரிசையில் நின்று, வாசலுக்கு ஊர்ந்து போக வேண்டும். டிக்கட்டில் போடும் நேரம் விமானம் நிலைய வாசலை விட்டு நகர்வதில் இருந்து மறுவாசலில் நிற்பது வரை உள்ளது.

நடைமுறைக்கு ஒரு எளிய வாய்ப்பாடு: தூரத்தை 800ஆல் வகுத்து, வரும் மணியோடு 30 நிமிடம் கூட்டுங்கள். பத்து மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பெரிய விமானப் பயணம் என்றால் 850ஆல் வகுங்கள்.

சென்னை: 647 ÷ 800 = 48 நிமிடம் சொச்சம், கூட்ட 30, ஆக 1 மணி 18 நிமிடம்.
டுபாய்: 4 மணி 37 நிமிடம்.
டோஹா: 5 மணி.
லண்டன்: 8,715 ÷ 850, கூட்ட 30, ஆக 10 மணி 45 நிமிடம். நிறுவனங்கள் பொதுவாகப் போகும் திசைக்கு 11 மணிக்கு அண்மையாகப் போடுகின்றன.

பலாலிக்கு இந்த வாய்ப்பாடு பொருந்தாது. அங்கே ஓடுபாதை குறுகியது, வந்து போவது ஏடிஆர் 72 என்ற, விசிறி சுழன்று ஓடும் சிறு விமானம். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் பறக்கும். தூரத்தை 450ஆல் வகுத்து 25 நிமிடம் கூட்டுங்கள். பலாலி – சென்னை 1 மணி 12 நிமிடம். பாருங்கள், தூரம் கிட்டத்தட்டப் பாதி, நேரமோ கட்டுநாயக்கவில் இருந்து போவதற்கு ஆறு நிமிடம்தான் குறைவு.

காற்று இன்னொரு விடயம். குளிர்காலத்தில் வட இந்தியா, மத்திய கிழக்கு வான்பரப்பில் மேற்கில் இருந்து கிழக்காகப் பலத்த உயர்மட்டக் காற்று ஓடும். அதை எதிர்த்துப் போகும் டோஹா, டுபாய், லண்டன் பயணங்கள் நீளும், திரும்பி வருவது சுருங்கும். டோஹாவுக்குப் போக ஐந்து மணி சொச்சம், வர நாலே முக்கால் மணி என்று அட்டவணையில் பார்த்தால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். யூன் முதல் செப்டெம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்குக் காற்று வீசுவதால் இந்த இடைவெளி குறையும். சென்னைக்குப் போவது தெற்கு வடக்கு ஓட்டம், காற்றால் பெரிய மாற்றம் வராது.

விமானங்கள் பெருவட்டத்தில் நூல் பிடித்தது போலப் பறப்பதில்லை. வான்பாதைகள் வளையும், ஓடுபாதைத் திசைக்கேற்பச் சுற்றி வர வேண்டும், நெருக்கடியான நிலையங்களில் வட்டமடித்துக் காத்திருக்கவும் வேண்டும். சில வீதம் கூடுவது வழமை. வான்பரப்பு மூடப்பட்டால் கணக்கே மாறும். 2025 யூன் 23 மாலை கட்டார் தன் வான்பரப்பைச் சில மணித்தியாலம் மூடியபோது டோஹாவுக்குப் போய்க்கொண்டிருந்த விமானங்கள் வேறு நாடுகளில் இறங்க நேர்ந்தது. அப்படியான காலத்தில் வாய்ப்பாட்டை ஓரம் வைத்துவிட்டு நிறுவனத்தின் அறிவித்தலைப் பாருங்கள்.

படி 5: கடிகாரத்தை நேராக்குதல்

டிக்கட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். இரண்டையும் நேரே கழிக்கக் கூடாது. உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக் கழியுங்கள். இலங்கையும் இந்தியாவும் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால். கட்டார் மூன்று மணி, டுபாய் நான்கு, சிங்கப்பூர் எட்டு மணி முன்னால்.

ஒரு மாதிரி: கட்டுநாயக்க 03:45, டோஹா 06:15. பார்வைக்கு இரண்டரை மணிப் பயணம். 03:45இல் இருந்து ஐந்தரை மணி கழித்தால் முதல்நாள் 22:15. 06:15இல் இருந்து மூன்று கழித்தால் 03:15. இடையில் ஐந்து மணித்தியாலம். படி 4இல் வந்த அதே விடை. இப்படி ஒன்றோடு ஒன்று பொருந்தினால் கணக்கு சரி. பொருந்தாவிட்டால் இடையில் ஒரு தரிப்பு ஒளிந்திருக்கிறது, அல்லது நேர வித்தியாசத்தைப் பிழையாக எடுத்திருக்கிறீர்கள்.

லண்டனும் ரொறன்ரோவும் வருடத்தில் இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றுகின்றன. பிரித்தானியா மார்ச் கடைசி ஞாயிறு முன்னே தள்ளி, ஒக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுக்கும். கனடாவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஆகவே லண்டனோடு நமக்குள்ள வித்தியாசம் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை. ரொறன்ரோவோடு பத்தரை, ஒன்பதரை. இந்த மாற்ற வாரங்களில் இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் பழைய டிக்கட்டின் நேரத்தை நம்பக் கூடாது.

இனி, திருகோணமலையில் அடிக்கடி நடக்கும் திகதிப் பிழை. மத்திய கிழக்கு விமானங்கள் பல நடுச்சாமத்துக்குப் பிறகு கிளம்புகின்றன. டிக்கட்டில் 15ஆம் திகதி 03:45 என்றால் வீட்டில் இருந்து 14ஆம் திகதி பின்னேரமே கிளம்ப வேண்டும். 15ஆம் திகதி மாலை வான் வண்டி பேசி வைத்தவர்களுக்கு விமானம் போய்ப் பதினைந்து மணித்தியாலம் கழித்துத்தான் வான் வாசலுக்கு வரும். வான் பேசும்போது திகதியை மட்டும் சொல்லாதீர்கள். "14 செவ்வாய் பின்னேரம்" என்று கிழமையையும் பொழுதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 00:15, 00:40 என்று நேரம் போட்ட டிக்கட்டுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

படி 6: இடையில் மாறுவதானால்

ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே கணக்கிட்டுக் காத்திருப்பையும் சேர்த்துக் கூட்டுங்கள். தூரத்தில் ஒரு ஆச்சரியம் உண்டு. லண்டன் வழியாக ரொறன்ரோ 8,715 + 5,707 = 14,422 கிலோமீற்றர். டோஹா வழியாக 3,612 + 10,878 = 14,490. நேர்வழியைவிட இரண்டுமே ஐந்நூறுக்குள்தான் கூட. ஆகவே கனடாவுக்குப் பாதை தெரியும்போது தூரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. காத்திருப்பு நேரத்தையும் விசாவையும் பாருங்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர் லண்டனில் விமானம் மாறுவதற்கே பிரித்தானியாவின் இடைமாறல் விசா வேண்டும். செல்லுபடியான கனடா விசா கையில் இருந்தால் விலக்கு உண்டு, அதையும் நிறுவனத்திடம் உறுதிப்படுத்திவிட்டே பணம் கட்டுங்கள். சென்னையில் இரண்டு தனித்தனி டிக்கட்டில் மாறுவதானால் பயணப்பொதியை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதற்குக் குடிவரவைத் தாண்ட வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். ஒரே டிக்கட்டாக இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. முதல் விமானம் பிந்தினால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பும் நிறுவனத்தினுடையது. தனித்தனி டிக்கட்டில் மிச்சம் பிடிக்கும் காசு, ஒரு தடவை இணைப்புத் தவறினால் வட்டியோடு போய்விடும்.

காத்திருப்பு ஒரே டிக்கட்டில் இரண்டு மணியாவது இருக்கட்டும். தனித்தனி என்றால் ஐந்து மணிக்குக் குறைய வேண்டாம்.

படி 7: தெருக் கணக்கு

திருகோணமலைக்காரரின் பயண நேரத்தில் அதிகம் ஆடுவது இந்தப் பகுதிதான்.

கட்டுநாயக்கவுக்கு ஏ6 வீதி: திருகோணமலை – ஹபரணை 86 கிலோமீற்றர், ஒன்றரை மணி. ஹபரணை – தம்புள்ளை 24, அரை மணி. தம்புள்ளை – குருநாகல் 55, ஒன்றேகால் மணி, தம்புள்ளைச் சந்தை நேரம் என்றால் ஒன்றரை. குருநாகலில் இருந்து நாரம்மலை, கிரியுல்ல பக்கமாக இறங்கிக் கட்டுநாயக்க சுமார் 65, ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் மணி. மொத்தம் 230 கிலோமீற்றர், ஓட்டம் மட்டும் ஐந்து மணி. சாப்பாடு, தேத்தண்ணி, டீசல் சேர்த்து ஆறு மணி என்று போடுங்கள். குருநாகல் – மீரிகம அதிவேக வீதி 2022 சனவரியில் திறந்த பிறகு சில சாரதிகள் அதால் போகிறார்கள். மீரிகமவில் இருந்து நீர்கொழும்புப் பக்கம் வரும் சின்ன வீதியில் மிச்சம் பிடித்த நேரம் பாதி போய்விடும். காலை வேளையில் அது இலாபம் இல்லை.

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை. பொழுது சாயும் நேரமும் இரவும் வீதியைக் கடக்கும். பின்னேரம் ஆறு மணிக்குக் கிளம்பும் வான் சரியாக அந்த நேரத்தில்தான் அந்தக் காட்டுப் பகுதியில் ஓடும். யானை நின்றால் லைட்டைத் தணித்து, ஹோர்ன் அடிக்காமல், தூரத்தில் நிறுத்திக் காத்திருப்பதுதான் முறை. அந்தக் காத்திருப்புக்கு அரை மணி முன்கூட்டியே கணக்கில் வையுங்கள், சாரதியை அவசரப்படுத்த வேண்டி வராது. முடிந்தால் நாலு மணிக்கே கிளம்பிவிட்டால் ஹபரணைச் சந்தியை வெளிச்சத்திலேயே தாண்டலாம்.

மூதூரில் இருந்து வருபவர்கள் முக்கால் மணி வரை கூடுதலாகப் போட வேண்டும். கிண்ணியாக்காரர் நகரத்துக்குள் நுழையாமல் தம்பலகாமம் பக்கமாக ஏ6இல் ஏறலாம்.

இரவுத் தபால் ரயில் கொழும்பு கோட்டைக்குப் போக எட்டு மணித்தியாலம் அளவில் எடுக்கும். மதியத்துக்குப் பிறகுள்ள விமானத்துக்கு அது நல்ல தெரிவு, காலை விமானத்துக்கு அதை நம்ப வேண்டாம். கோட்டையில் இருந்து 187 பஸ். அதிவேக வீதியால் போவதா, விமான நிலைய முனையத்துக்குள் போகுமா, அவரிவத்த பஸ் நிலையத்தோடு நிற்குமா என்று ஏறும்போதே கேளுங்கள். பெட்டிகளோடு அவரிவத்தவில் இறங்கி ஓட்டோ தேடுவது இருபது நிமிட வேலை.

பலாலிக்கு: ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா 96 கிலோமீற்றர், அங்கிருந்து ஏ9இல் யாழ்ப்பாணம் 140, பிறகு பலாலி 17. மொத்தம் 250 அளவில், ஐந்து முதல் ஐந்தரை மணி. வரைபடத்தில் கரையோரமாகப் புல்மோட்டை, முல்லைத்தீவு வழி குறுக்காகத் தெரியும். கொக்கிளாய் முகத்துவாரத்தில் பாலம் இல்லை. கைப்பேசி அந்த வழியைக் காட்டினால் பின்தொடர வேண்டாம்.

மார்கழி மழைக்கு எல்லாக் கணக்கும் பொய்யாகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டின் பல வீதிகளைத் துண்டித்தது. மறுகரையிலும் அப்படித்தான்: 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை நிலையம் மூடப்பட்டது. நவம்பர், டிசம்பரில் பயணம் என்றால் முதல் நாளே நீர்கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்த் தங்குவது செலவுதான், ஆனாலும் டிக்கட் விலையோடு பார்த்தால் சின்னச் செலவு.

படி 8: பின்னால் இருந்து முன்னே கணக்கிடுங்கள்

விமான நேரத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். பல நிறுவனங்கள் செக்-இன் கருமபீடத்தை 60 நிமிடத்துக்கு முன் மூடிவிடும், சில 75 நிமிடத்துக்கு முன். 59ஆவது நிமிடத்தில் போய் நின்று விமானம் இன்னும் நிற்கிறதே என்று வாதிட்டு ஒன்றும் ஆகாது. கட்டுநாயக்கவுக்கு மூன்று மணி முன்னால், பலாலிக்கு இரண்டரை மணி முன்னால் போய்ச் சேருங்கள்.

03:45 டோஹா விமானத்துக்கு: மூன்று மணி கழித்தால் 00:45. தெரு ஆறு மணி கழித்தால் முதல்நாள் 18:45. யானை, ரயர் காற்று, மழை என்று ஒரு மணி கழித்தால் 17:45. அதுவே வீட்டுப் படலையைச் சாத்தும் நேரம். அந்த விமானத்தில் டோஹா போய், 08:30க்கு ரொறன்ரோவுக்கு ஏறி, 14 மணித்தியாலம் பறந்தால் அங்கே குளிர்கால நேரம் பிற்பகல் 14:30. குடிவரவும் பெட்டியும் ஒன்றரை மணி. வாசலில் இருந்து வெளிவாசல் வரை 32 மணி 45 நிமிடம். அதில் விமானத்துக்குள் இருப்பது 19 மணித்தியாலம். வயதானவர்களை அனுப்பும்போது மருந்து வேளையை இந்தப் பெரிய எண்ணை வைத்து எழுதிக் கொடுங்கள், இலங்கை நேரத்திலும் சேரும் ஊர் நேரத்திலும் இரண்டு வரிசையாக.

சென்னைக்கு: கட்டுநாயக்க வழியாகத் தெரு ஆறு, நிலையம் மூன்று, பறப்பு 1:20, வெளியே வர ஒன்று, ஆக 11 மணி 20 நிமிடம். பலாலி வழியாக ஐந்தரை, இரண்டரை, 1:15, ஒன்று, ஆக 10 மணி 15 நிமிடம். ஒரு மணி மிச்சம். பலாலியில் நெரிசல் இல்லை, வரிசை சுருக்கம், பகல் பயணம். எதிர்ப்பக்கத்தில், சேவை குறைவு. விமானம் ரத்தானால் பெரும்பாலும் மறுநாள்தான், கட்டுநாயக்கவில் அதே நாளில் வேறு விமானம் இருக்கும். சிறு விமானத்தில் கைப்பை அளவும் கண்டிப்பு. சென்னையில் குறிப்பிட்ட நேரத்தில் ஆஸ்பத்திரிச் சந்திப்பு இருப்பவர்களுக்குக் கட்டுநாயக்க, கல்யாணம், கோயில் என்று ஒருநாள் முன்பின் பார்க்கலாம் என்பவர்களுக்குப் பலாலி. பலாலியில் இருந்து சென்னைக்கு 2019இல் தொடங்கிய சேவை 2020இல் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிச் சேவையும் வந்தது. தஞ்சாவூர், மதுரை, வேளாங்கண்ணி போகிறவர்கள் சென்னையை விட்டுத் திருச்சியைப் பார்ப்பது நல்லது, அங்கிருந்து தெருவில் மிச்சமாகும் நேரம் விமானத்தில் மிச்சமாவதைவிடப் பல மடங்கு. நாட்களும் நேரங்களும் பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் டிக்கட் எடுத்த பிறகும் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு தடவை, வான் வண்டியில் ஏறமுன் ஒரு தடவை விமான இலக்கத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.